வந்தாறுமூலையில் போடிங்: சக்கர நாற்காலியோடு எந்த வீடு?

கேள்வி: நான் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துப் பெண். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் இரண்டாம் வருடம் தொடங்கப் போகிறேன். பதினைந்து வயதில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிதான். கைகளில் நல்ல பலம் இருக்கிறது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நானே மாறிக்கொள்வேன். சிறுநீரைக் குழாய் போட்டு நானே எடுக்கிறேன். முதல் வருடம் விடுதியில் இருந்தேன். இப்போது என் தோழிகள் மூன்று பேர் வெளியில் அறை எடுக்கிறார்கள், நானும் அவர்களோடு இருக்க ஆசைப்படுகிறேன். இரண்டு வீடு பார்த்தோம். முதலாவது வந்தாறுமூலையில் உள்ளொழுங்கையில் ஒரு வயதான அம்மாவின் வீடு. பெரிய வளவு, வாடகை குறைவு, அந்த அம்மாவும் நல்லவர். ஆனால் வாசலில் மூன்று படி. கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் இருக்கிறது. இரண்டாவது செங்கலடிச் சந்திக்குக் கிட்டப் புதிதாகக் கட்டிய அனெக்ஸ். ஒரே ஒரு படி, டைல்ஸ் நிலம், அறையோடு சேர்ந்த பாத்ரூம், கொமட். ஆனால் பாத்ரூம் கதவு ஒடுக்கம், என் நாற்காலி போகாது. ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் கூடவும் கேட்கிறார்கள். தோழிகளுக்கு முதல் வீடுதான் பிடித்திருக்கிறது. "படியில உன்னத் தூக்கி எடுப்பம், அது ஒரு பிரச்சினையா?" என்கிறார்கள். அப்பா, "ரெண்டும் வேணா, விடுதியிலயே இரி, இல்லாட்டி வீட்டுல இருந்து போய் வா" என்கிறார். நான் எதை எடுக்க? வீட்டுக்காரர் மாற்றம் செய்துதர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இன்னொன்று: போனில் சக்கர நாற்காலி என்று சொன்னதும் சில இடங்களில் "அறை போயிற்று" என்றுவிட்டார்கள். இதை முதலே சொல்ல வேண்டுமா, நேரில் போய்ச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

இரண்டாவது வீட்டை எடுங்கள், பாத்ரூம் கதவை அகலமாக்க அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை விடுதி இடத்தைக் கைவிட வேண்டாம்.

அன்றாட வேலைகளைத் தாமே செய்ய ஆட்களைப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளராக நான் வீடு பார்க்கப் போகும்போது குடும்பத்தார் முதலில் காட்டுவது வாசல் படியைத்தான். கண்ணுக்குத் தெரிகிற தடை அதுதானே. நான் உள்ளே போய்க் கட்டில் எங்கே, கக்கூஸ் எங்கே, இரண்டுக்கும் நடுவில் என்னென்ன என்று பார்ப்பேன். வாசலால் நீங்கள் நாளுக்கு இரண்டு தரம் போய்வருவீர்கள், அதுவும் ஆட்கள் நடமாடும் நேரத்தில். கக்கூசுக்கு நாளுக்கு ஐந்தாறு தரம். அதில் ஒன்றாவது எல்லோரும் தூங்கும் நேரத்தில். ஆகவே வீடு பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு, மழை கொட்டும்போது, யாரையும் எழுப்பாமல் நான் கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போய்த் திரும்பி வர முடியுமா? முடியாது என்றால் அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு அது விலை கூடிய வீடு.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். உங்கள் தோழிகளின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் மாதம் தூக்குவார்கள், சிரித்துக்கொண்டே தூக்குவார்கள். பிறகு பரீட்சை வரும், ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவாள். அவர்கள் சலித்துக்கொள்ளும் முன்பே நீங்கள் கேட்கக் கூச்சப்படத் தொடங்கிவிடுவீர்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் வேண்டாம் என்று சொல்லும். குழாய் போடும் நேரத்தைத் தள்ளும். முள்ளந்தண்டில் அடிபட்டவர்களிடம் இந்தப் பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிளினிக்கில் காரணம் கேட்டால் எவரும் "கக்கூஸ் தூரம்" என்று சொல்வதில்லை. "தாகமே எடுக்கிறதில்ல" என்பார்கள்.

நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சிறுநீர்ப்பையை வெறுமையாக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைத் தள்ளினால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். உணர்வில்லாததால் எரிவு தெரியாது. குளிரும் காய்ச்சலும் வந்த பிறகுதான் தெரியவரும். தொற்றுத் திரும்பத் திரும்ப வந்தால் அது சிறுநீரகம்வரை போகும். நடக்கிற பிள்ளைக்குக் கிணற்றடிக் கக்கூஸ் ஒரு சின்ன அசௌகரியம். உங்களுக்கு அது ஒரு தவணைப் பரீட்சையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கிற காரியமாகிவிடலாம். குழாய் போடுவதற்குக் கைகழுவச் சுத்தமான தண்ணீரும், உட்கார்ந்தபடி எட்டுகிற தட்டும், நல்ல வெளிச்சமும், தாழ்ப்பாள் போட்ட கதவும் வேண்டும். இருட்டில் ரோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல அது.

இனி முதல் வீட்டைப் பார்ப்போம். மூன்று படி என்றால் ஒரு படி ஆறு அங்குலமாக மொத்தம் பதினெட்டு அங்குலம். சாய்தளத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அப்படியானால் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். அந்தப் பெரிய வளவில் இடம் இருக்கும், நடுவில் ஒரு தட்டு வைத்து எல் வடிவில் திருப்பினால் போதும். நம் மேசன்மார் பலர் இடத்தை மிச்சம்பிடிக்க ஆறடியில் முடித்துவிட்டு, "வடிவா ஏறும், ஏத்திப் பாருங்க" என்பார்கள். பின்னால் ஒருவர் தள்ளினால் ஏறும். தனியாக ஏறினால் நாற்காலி மல்லாக்காக விழும். மட்டக்களப்பின் பல சாய்தளங்கள் நாடா வெட்டித் திறப்பதற்கு மட்டும் கட்டியவை போலத்தான் இருக்கின்றன.

சரி, சாய்தளம் போட்டாயிற்று என்றே வைப்போம். அடுத்தது மணல். நம் வளவுகளில் குருமணல். நாற்காலியின் முன்சில்லு சின்னது, அது மணலில் புதைந்து நிற்கும். கேற்றிலிருந்து சாய்தளம்வரைக்கும், வீட்டிலிருந்து கக்கூஸ்வரைக்கும் மூன்றரை, நாலடி அகலத்தில் கொங்கிறீட் போட வேண்டும். அதன் பிறகு கக்கூஸ். கரையோரப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் குழியை உயர்த்தி, கக்கூசையும் மேடாகக் கட்டி, அதற்கு இரண்டு மூன்று படி வைப்பது நம் வழக்கம். அங்கேயும் சாய்தளம் வேண்டும். உள்ளே குந்துகிற பீங்கான், மூன்றடிக்கு நாலடி இடம், திரும்ப வழியில்லை. மாரியில் குழி நிரம்பிக் கக்கூஸ் தண்ணீர் இறங்காமல் நின்றால் உங்கள் தோழிகள் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் எங்கே போவீர்கள்? இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பாருங்கள், மாதம் நாலாயிரம் மிச்சம் என்ற கணக்கு நிற்காது. அந்த அம்மா நல்லவர் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவரிடம் பிட்டும் கறியும் சாப்பிடுங்கள்.

இரண்டாவது வீட்டில் வாசல் படி ஒன்றுதான். ஐந்து அங்குலம் என்றால் ஐந்தடிச் சாய்தளம். கட்ட வேண்டியதுகூட இல்லை. இரும்புச் சட்டத்தில் சொரசொரப்பான தகடு அடித்து, கழற்றி வைக்கக்கூடிய மாதிரி ஒரு வெல்டிங் கடையில் செய்விக்கலாம். மரப்பலகை வேண்டாம், கார்த்திகை மழையில் பாசி பிடித்து வழுக்கும். வாசல் நிலையில் அடிச்சட்டம் உயர்ந்திருந்தால் அதை வெட்டச் சொல்லாதீர்கள். நிலைப்படியில் கைவைக்க நம் ஆட்கள் சம்மதிக்க மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. இரண்டு அங்குலம்வரைக்கும் இரண்டு பக்கமும் இரண்டடி நீளச் சாய்வான ஆப்பு வைத்தால் சில்லு ஏறி இறங்கும்.

பாத்ரூம் கதவில்தான் வீடு எடுப்பதா விடுவதா என்பது இருக்கிறது. நீங்கள் அளவு எழுதவில்லை. நம் பக்கம் பாத்ரூமுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் கதவு அநேகமாக இரண்டடி அல்லது இரண்டரை அடி. ஆஸ்பத்திரியிலும் சமூக சேவையிலும் கிடைக்கும் சாதாரண நாற்காலி, கையால் சுழற்றும் வளையத்தோடு சேர்த்து இருபத்தைந்து அங்குலத்துக்கு மேல் வரும். உங்களுக்கு வேண்டியது கதவு முழுக்கத் திறந்த பிறகு மிஞ்சுகிற வெளி முப்பத்திரண்டு அங்குலம். கதவைக் கழற்றித் திரை போட்டால் ஓர் அங்குலமோ ஒன்றரையோ கிடைக்கும், சிலருக்கு அதுவே போதும். ஆனால் நீங்கள் மூன்று பேரோடு இருக்கப் போகிறீர்கள், குழாய் போடும் இடத்துக்குத் திரை போதாது. சிலர் சின்னச் சில்லு வைத்த ஒடுங்கிய குளியல் நாற்காலியை வாங்கச் சொல்வார்கள், அது இருபத்தொரு அங்குலத்திலும் கிடைக்கும். அதை நீங்களே உருட்ட முடியாது, ஒருவர் தள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக் கேள்வியில் அது தோற்றுவிடும்.

ஆகவே சுவரை வெட்டித்தான் கதவை அகலமாக்க வேண்டும். இது பெரிய வேலை அல்ல. மேலே சுவரைத் தாங்குகிற லின்டல் சட்டம் கதவுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மேசன் முதலில் பார்ப்பார். சுவர் முழுவதும் சுற்றி ஓடுகிற லின்டல் என்றால் கவலையில்லை. வெட்டுகிற நேரத்திலேயே கதவை வெளியே திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உள்ளே திறக்கும் கதவு பாதி இடத்தைத் தின்றுவிடும், நீங்கள் உள்ளே விழுந்தால் வெளியிலிருந்து திறக்கவும் முடியாது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் இரண்டு மூன்று அங்குல விளிம்பு கட்டியிருப்பார்கள். அதைக் கொத்தி அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்து, நிலத்தை வடிகாலுக்குச் சாய்வாக எடுக்கச் சொல்லுங்கள். மேசனுக்கும் கையாளுக்கும் இரண்டு மூன்று நாள் வேலை.

உள்ளே ஐந்தடி வட்டம் கிடைத்தால் நாற்காலி சுகமாகத் திரும்பும். கிடைக்காவிட்டால் பின்பக்கமாக உள்ளே போய் முன்பக்கமாக வெளியே வரலாம். கொமட்டின் ஒரு பக்கத்திலாவது முப்பது அங்குலம் வெறுமையாக இருக்க வேண்டும், நாற்காலியை ஒட்டி நிறுத்தி மாறுவதற்கு. கொமட் அநேகமாகப் பதினைந்து, பதினாறு அங்குல உயரம். நாற்காலி இருக்கை பதினெட்டிலிருந்து இருபது. இறங்குவது லேசு, ஏறுவதுதான் தோளை உடைக்கும். உங்கள் தோள்தான் உங்களுக்குக் கால், நாற்பது வயதுக்கும் அது வேண்டும். கொமட்டின் மேல் வைக்கிற உயர்த்தி ஒன்று வாங்குங்கள், அதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதியும் தேவையில்லை.

கைப்பிடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துவாய் போடுகிற கம்பியைச் சுவரில் அடித்துவிட்டு அதைக் கைப்பிடி என்கிறார்கள். இங்கே சுவர்கள் அநேகம் உள்ளே வெற்றான சீமெந்துக் கல். அதில் பிளாஸ்ரிக் ரோல் பிளக் வைத்துத் திருகினால் உங்கள் பாரம் விழும் முதல் நாளே பிடுங்கிக்கொண்டு வரும். சுவரின் மறுபக்கம்வரை போல்ட் போட்டு, அங்கே ஒரு தகடு வைத்து இறுக்க வேண்டும். அல்லது ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாயை வளைத்து நிலத்தில் கொங்கிறீட்டில் நடலாம். பூட்டிய பிறகு மேசனையே அதில் தொங்கிக் காட்டச் சொல்லுங்கள். வெந்நீர்க் குழாய் இருந்தால் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். இது உங்களுக்குத் தெரியும், புதிய வீட்டில் மறந்துபோகும்.

இனி வீட்டுக்காரரிடம் கேட்பது. "எங்களுக்கு இரங்கி ஒரு உதவி செய்யுங்க" என்று அப்பாவை அனுப்ப வேண்டாம். இரக்கத்தால் கிடைப்பது இரக்கம் தீர்ந்ததும் போய்விடும். வீட்டுக்காரருக்கு உள்ளூர இருக்கும் பயங்கள் வேறு: சுவர் வெடிக்குமா, நான் விட்டுப்போன பிறகு இந்தக் கம்பியையெல்லாம் யார் கழற்றுவது, இந்தப் பிள்ளை விழுந்தால் என் தலையில் வருமா. ஒவ்வொன்றுக்கும் பதிலோடு போங்கள். மேசனைக் கூட்டிக்கொண்டு போய் லின்டலைக் காட்டுங்கள். செலவு யாருடையது, போகும்போது எதைக் கழற்றுவோம், எதை விட்டுப்போவோம், அகலமான கதவு வீட்டோடு நிற்கும் என்பதை எழுதிக் கொடுங்கள். செலவில் ஒரு பங்கை வாடகையில் கழிக்கச் சம்மதமா என்றும் கேட்டுப் பார்க்கலாம், அகலமான கதவு அவருடைய சொத்துக்குச் சேருகிற பெறுமதிதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நம் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். சுவரில் காசு போடப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு வருடம் இருப்பதற்கு உறுதி இல்லாமல் சுவரைத் தொட வேண்டாம்.

போனில் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஆனால் முதல் வசனமாகச் சொல்ல வேண்டாம். முதலில் நீங்கள் கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, கொமட்டா, பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம். அளந்து சொல்லச் சொல்லுங்கள். இதிலேயே பாதி வீடுகள் கழிந்துவிடும், ஓட்டோக் காசும் மிச்சம். மிஞ்சிய வீட்டுக்காரரிடம், "நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், அதற்காகத்தான் கேட்டேன், நாளைக்கு மேசனோடு வரவா?" என்று சொல்லுங்கள். மறைத்துக்கொண்டு போய் வாசலில் நின்று அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அளவு கேட்டுப் பேசுகிற ஆளிடம் "அறை போயிற்று" என்று சொல்வதும் கொஞ்சம் கஷ்டம்.

சட்டம் பற்றி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியிலும் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்துவதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதன் கீழ் 2006 ஒக்ரோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. தாமே சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போய், 2011 ஏப்ரல் 27இல் புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே கட்டப்பட வேண்டும் என்று கட்டளை பெற்றார். ஆனால் அந்த விதிகள் பொதுக் கட்டடம், பொது இடம், பொதுச் சேவை என்பவற்றுக்கு எழுதப்பட்டவை. செங்கலடியில் ஒருவர் தன் வீட்டோடு கட்டிய அனெக்ஸைக் காட்டி அந்த வர்த்தமானியை நீட்டினால் அறையும் கிடைக்காது, வழக்கும் நிற்காது. தனியார் வீட்டில் உங்கள் ஆயுதம் பேச்சும் அளவுநாடாவும்தான்.

பல்கலைக்கழக விடுதியில் நிலைமை வேறு. அங்கே நீங்கள் உதவி கேட்கவில்லை, உரித்தைக் கேட்கிறீர்கள். ஆகவே வெளியில் அறை தேடும் அதே கிழமையில் விடுதிக் காப்பாளருக்கும் மாணவர் நலப் பிரிவுக்கும் கடிதம் கொடுங்கள்: நிலத்தட்டில் அறை, இந்த அளவில் கதவு, இந்த உயரத்தில் கைப்பிடி என்று அங்குலத்தில் எழுதுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 என்ற அவசரத் தொலைபேசி இலக்கமும் உண்டு. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதக் காலக்கெடு இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. வளாகத்தில் பலர் இதை அறியாமல் "பாப்பம், பாப்பம்" என்று இரண்டு மாதத்தைப் போக்கிவிடுகிறார்கள்.

உபகரணத்துக்குக் காசு தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொமட் நாற்காலி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம்தான் விண்ணப்பம். உங்கள் பதிவு எங்கே இருக்கிறதோ அங்கே, அதாவது படுவான்கரையில். செங்கலடியில் குடியிருப்பதால் ஏறாவூர்ப்பற்றுச் செயலகத்துக்குப் போய் அலைய வேண்டாம். அப்பாவுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

அப்பாவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். மண்முனைப் பாலம் வந்த பிறகு படுவான்கரை கிட்டவாகிவிட்டது உண்மைதான், ஆனால் தினமும் வந்தாறுமூலைக்குப் போய்வருவது உங்கள் முதுகுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. பஸ்ஸில் நாற்காலி ஏறாது, ஓட்டோவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குலுங்கினால் உட்காருமிடத்தில் புண் வரும், உங்களுக்கு அது வலியால் தெரியாது. அவருடைய பயம் வேறு, அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஒரு வழி உண்டு: கதவு வேலை முடிந்ததும் ஒரு நாள் இரவு அவரை அந்த வீட்டில் முன்னறையில் படுக்கச் சொல்லுங்கள். விடியும்வரை நீங்கள் அவரைக் கூப்பிடாமல் இருந்தால் மிச்சத்தை அவரே யோசித்துக்கொள்வார். எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தெரிந்தெடுக்கும் உரிமையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. அதை அப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இதே கேள்வியை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பார்வை குறைந்த ஒரு தம்பி கேட்டிருந்தால் நான் முதல் வீட்டைக்கூட எடுக்கச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் படி ஒரு பொருட்டல்ல. கட்டில்லாத கிணறு, தலைமட்டத்தில் கட்டிய துணிக்கொடி, பாதி திறந்து கிடக்கும் ஜன்னல், இன்றைக்கு ஓரிடமும் நாளைக்கு ஓரிடமுமாக நிற்கும் மோட்டார் சைக்கிள், இவைதான் அவருக்குத் தடை. ஆகவே உங்களுக்குச் சொன்னதை எல்லோருக்கும் பொது விதியாக எடுத்து யாரும் வீடு பார்க்கப் போக வேண்டாம்.

கடைசியாக மழை. 2024 கார்த்திகையில் மட்டக்களப்பு, அம்பாறை முழுக்கத் தண்ணீரில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அட்வான்ஸ் கொடுக்க முன் அந்த அனெக்ஸில் அப்போது எந்த மட்டம்வரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், எதிர்ப்பக்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மதில் சுவரில் கறை இருந்தால் அதையும் பாருங்கள். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றாலே உங்கள் நாற்காலி நின்றுவிடும், ஓட்டோவும் உள்ளே வராது. பிரதான வீதியை ஒட்டிய வீடு என்பதால் இதில் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வீதி திருகோணமலை வீதி, லொறியும் பஸ்ஸும் பறக்கும். கேற்றுக்குள் ஓட்டோ வந்து நிற்க இடமிருக்கிறதா என்று பாருங்கள், வீதியோரத்தில் நின்று ஏறி இறங்க வேண்டாம். ஒரே ஓட்டோக்காரரை மாதக் கணக்கில் பேசிக்கொண்டால் நாற்காலியை மடித்து ஏற்றும் விதம் அவருக்குப் பழகிவிடும்.

அனெக்ஸின் அளவுகளை எடுத்து அனுப்புங்கள், மேசனிடம் கொடுக்க ஒரு படம் கீறித் தருகிறேன். கதவை அளக்கும்போது நிலையிலிருந்து நிலைக்கு அளக்க வேண்டாம். கதவை முழுக்கத் திறந்து வைத்து, பலகையின் முகத்திலிருந்து எதிர்நிலையின் உள்விளிம்புவரை அளக்க வேண்டும். நாற்காலியை அளக்கும்போது உங்கள் இரண்டு கையையும் வளையத்தில் பிடித்தபடி, விரல் முட்டியிலிருந்து விரல் முட்டிக்கு ஒரு தோழியை அளக்கச் சொல்லுங்கள். பாத்ரூமின் நீள அகலம், கொமட் எந்த மூலையில், அதன் இருக்கை நிலத்திலிருந்து எத்தனை அங்குலம், லைட் சுவிட்ச் எந்த உயரத்தில் என்பவையும் வேண்டும்.